ரப்பர் பொத்தானைக் கேலி பண்ணாதீங்க

டிஸ்கி: கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் வரும். ஓம் விதி ஞாபகம் இருந்தா போதும். அதுவும் மறந்துட்டவங்க நடுவில் கணக்கு வர்ற ரெண்டு மூணு பாராவைத் தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

மினி ப்ராஜெக்ட் ரெவ்யூவில் நான் மேசை மேல வெச்ச பெட்டியைப் பார்த்துட்டு முதல்ல கேட்ட கேள்வி, "இது என்னப்பா, டிவி ரிமோட் ரப்பரா? இந்தக் காலத்துல டச் ஸ்க்ரீன் வெச்சிருக்கலாமே?" பின்னாடி உட்கார்ந்திருந்த பசங்க சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சு வெச்சேன். வேற என்ன பண்றது. ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சப்போ அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் நிறைய இருந்துச்சு. அன்னைக்கு வாய்க்குள்ளேயே நின்னுபோன அந்தப் பதில்தான் இது.

முதல்ல பெட்டி என்னன்னு சொல்லிடறேன். எங்க தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. இடது கை நல்லா இருக்கு, ஆனா விரல்ல பழைய பலம் இல்லை. கட்டில்லேயே இருக்கிறவர் ஃபேனைக் கூட்டணும்னா, லைட்டை அணைக்கணும்னா, யாரையாவது கூப்பிடணும்னா ஒவ்வொண்ணுக்கும் சத்தம் போடணும். அதனால இடது கைக்குள்ள அடங்கற மாதிரி ஒரே ஒரு பொத்தான் பண்ணினேன். கூட்டல் குறி வடிவம். மேலே அமுக்கினா ஃபேன் வேகம் கூடும், கீழே அமுக்கினா குறையும், இடது பக்கம் லைட், வலது பக்கம் மணி. உள்ளே ஓடறது 5 வோல்ட் மட்டும்தான். வீட்டுக் கரண்ட் எல்லாம் தூரத்துல ரிலே பெட்டிக்குள்ள.

இது நான் கண்டுபிடிச்ச வடிவம் இல்லை. நிண்டெண்டோ கம்பெனியில் இருந்த குன்பெய் யோக்கோய் 1982-ல் வந்த டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்குப் பண்ணினது. அடுத்த வருஷம் வந்த ஃபேமிகாம் பெட்டியோட கைப்பிடியிலும் அதே கூட்டல் குறி. நம்ம ஊர்ல 'டிவி கேம்'னு வாங்கி, ஆயிரக்கணக்கான கேம் இருக்குன்னு மேலே எழுதியிருக்கிற கேசட்டைச் சொருகி, வந்த அஞ்சாறு கேமையே திரும்பத் திரும்ப ஆடினோமே, அந்த நகல் பெட்டிகள் எல்லாமே அந்த ஃபேமிகாமோட வாரிசுதான். யோக்கோய்க்கு ஒரு கொள்கை இருந்துச்சு: புதுசா பளபளன்னு வந்த தொழில்நுட்பத்துக்குப் பின்னாடி ஓடாதே, எல்லாருக்கும் பழகி, விலை குறைஞ்சு, குணம் குற்றம் எல்லாம் தெரிஞ்சுபோன பொருளை எடுத்து யாரும் நினைக்காத இடத்துல பயன்படுத்து. எங்க ரெவ்யூவில் அவருக்கும் டச் ஸ்க்ரீன் கேள்விதான் வந்திருக்கும்.

சரி, ரப்பருக்கு வருவோம். ஒரு ரிமோட்டைத் திறந்து பாருங்க. ஸ்ப்ரிங் கிடையாது, தகரம் கிடையாது, திருகாணிகூட ஒண்ணு ரெண்டுதான். ஒரே ரப்பர் விரிப்பு, அதுல வரிசையா சின்னச் சின்னக் கூம்பு. ஒவ்வொரு கூம்புக்கு அடியிலும் கறுப்பா ஒரு மாத்திரை. கீழே போர்டுல ரெண்டு சீப்பை எதிரெதிரா கோத்து வெச்ச மாதிரி செம்புக் கோடுகள், ஒண்ணை ஒண்ணு தொடாம. மாத்திரை வந்து உட்கார்ந்தா ரெண்டு சீப்பும் இணையும். அவ்வளவுதான் சுவிட்ச்.

இந்த ரப்பர் குலசேகரம் பக்கம் மரத்துல பால் வடிச்சு எடுக்கிற ரப்பர் இல்லை (எங்க ஊர்க்காரங்க எல்லாரும் முதல்ல அப்படித்தான் நினைப்பாங்க, நானும்தான்). இது சிலிகோன். மர ரப்பர் வருஷம் ஆக ஆகக் காத்துபட்டு இறுகி வெடிக்கும். சிலிகோன் வெயிலோ குளிரோ அதே வளைவோட இருக்கும். அதுல கரண்ட் போகாது. மாத்திரைக்கு மட்டும் கார்பன் தூள் கலக்கறாங்க. கொஞ்சமா கலந்தா தூள் துகள் ஒண்ணோட ஒண்ணு தொடாம தனித்தனியா மிதக்கும், அப்பவும் கரண்ட் போகாது. ஒரு அளவைத் தாண்டினதும் துகள்கள் சங்கிலியா கோத்துக்கிட்டு திடீர்னு வழி திறந்துடும். ரொம்பக் கலந்தா ரப்பர் கட்டையாயிடும். அந்த நடுவுல நிக்கிற கலவைதான் இந்த மாத்திரை.

கூம்புலதான் உண்மையான வடிவமைப்பு இருக்கு. அமுக்க அமுக்க எதிர்ப்பு ஏறிக்கிட்டே போய், ஒரு இடத்துல சாய்வுச் சுவர் மடங்கி பொசுக்குன்னு இறங்கும். விரலுக்குத் தெரியற 'டக்' அதுதான். உச்சத்துல 100 கிராம் வேணும், மாத்திரை போர்டைத் தொடறப்போ 50 கிராம் போதும்னா பாதி எதிர்ப்பு விழுந்திருக்குன்னு அர்த்தம். இந்த விழுக்காடு ஜாஸ்தியா இருந்தா விரலுக்குச் சுகமா இருக்கும், ஆனா சுவர் சீக்கிரம் கிழியும். கம்மியா இருந்தா ரொம்ப நாள் வரும், ஆனா பழைய சோறை அமுக்கற மாதிரி இருக்கும். ரப்பர் பொத்தானை எல்லாரும் திட்டறதுக்குக் காரணம் இந்த ரெண்டாவது வகை. அது ரப்பரோட குத்தம் இல்லை, அச்சு வார்த்தவர் எடுத்த முடிவு.

இன்னொரு பழியும் இதுமேல உண்டு. 1982-ல் இங்கிலாந்தில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரோட ரப்பர் விசைப்பலகையை அந்த ஊர் ஆட்கள் இன்னைக்கும் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா அதுல ரப்பர் வெறும் மேல்தோல்தான். கரண்ட் தொடர்பு கீழே இருந்த பிளாஸ்டிக் தாள்ல. பழசாகி நொறுங்கிப் போறதும் அந்தத் தாளோட வால்தான். நம்ம கம்ப்யூட்டர் லேப்ல இருக்கிற சாதா விசைப்பலகையும் பெரும்பாலும் இதே கதைதான்: ரப்பர் கிண்ணம் ஸ்ப்ரிங் வேலை மட்டும் பார்க்கும், தொடர்பு தாள்ல நடக்கும். கார்பன் மாத்திரைச் சுவிட்ச் வேற ஜாதி.

இப்போ நான் பண்ணின தப்புகள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா புத்தகத்துல இது எதுவும் இல்லை.

முதல் பெட்டியில் பழைய ரிமோட் விரிப்புல நாலு கூம்பை வெட்டி எடுத்து, மேலே கூட்டல் குறி பிளாஸ்டிக்கை வெச்சேன். தாத்தா அதைக் கையில் வாங்கி, பழக்கமா கட்டைவிரலை நடுவுல ஊன்றினார். ஃபேன், லைட், மணி எல்லாம் ஒரே நேரத்துல கூத்தாட ஆரம்பிச்சுது. நாலு கூம்பும் சேர்ந்து இறங்கிடுச்சு. எனக்குத் தோணின முதல் வைத்தியம் ப்ரோக்ராம்ல: மேலேயும் கீழேயும் ஒண்ணா வந்தா விட்டுடு, இடமும் வலமும் ஒண்ணா வந்தா விட்டுடு. அப்படிப் பண்ணினா அவர் விரலை ஊன்றிக்கிட்டு ஒரு பக்கம் சாய்க்கிறப்போ எதுவுமே வேலை செய்யலை.

பரணில் கிடந்த அண்ணனோட டிவி கேம் கைப்பிடியைக் கழட்டிப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. கூட்டல் குறிக்கு அடியில், சரியா நடுவுல, ஒரு சின்னக் குமிழ். ரப்பர் விரிப்புல அதுக்கு ஓட்டை. குமிழ் நேரா போர்டு மேல உட்கார்ந்திருக்கு. அதனால மொத்தப் பொத்தானும் கீழே இறங்கவே முடியாது, சாய மட்டும்தான் முடியும். ஒரு கை இறங்கினா எதிர்க் கை ஏறித்தான் ஆகணும், சீசா பலகை மாதிரி.

இதுல இருக்கிற அழகைப் பாருங்க. நாலு தொடர்புன்னா திறந்து மூடறதுல மொத்தம் 16 விதம் வரும். மேல்-கீழ்ல மூணு நிலை (மேலே, கீழே, சும்மா), இடம்-வலத்துல மூணு நிலை. ஆக அர்த்தமுள்ளது 9 மட்டும்: நாலு திசை, நாலு மூலை, ஒரு சும்மா. மிச்சம் 7 விதமும் அபத்தம். அந்த ஏழையும் ஒரு வரி ப்ரோக்ராம் இல்லாம, ஒரு டையோடு இல்லாம, ஒரு பிளாஸ்டிக் குமிழ் தடுத்துடுது. பழைய கேம்களைக் கம்ப்யூட்டர் விசைப்பலகையில் ஆடறவங்க இடமும் வலமும் ஒண்ணா அமுக்கினா கேம் சிலது கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஓடும். எழுதினவங்க அப்படி ஒரு நிலை வரும்னு யோசிக்கவே இல்லை, கைப்பிடி வரவிடாதுன்னு நம்பினாங்க.

நான் குமிழுக்கு சைக்கிள் கடையில் ஒரு பால்ரஸ் குண்டு வாங்கி ஒட்டினேன். அது இரும்பு, அதனால போர்டுல நடுவுல செம்புக் கோடு எதுவும் வராம ஒதுக்கணும். உயரம் சரியா வர மூணு குண்டு மாத்த வேண்டியிருந்துச்சு. உயரம் கம்மின்னா பழைய கதைதான், நாலும் இறங்கும். ஜாஸ்தின்னா பொத்தான் ரப்பரை விட்டுத் தூக்கிக்கிட்டு லொடலொடன்னு ஆடும், எந்தப் பக்கமும் ஒழுங்கா தொடாது. அண்ணனோட கைப்பிடியில் ஏன் எப்பவும் குதிக்கச் சொன்னா குனிஞ்சான்னு இப்போ தெரியுது. வருஷக்கணக்கா அமுக்கி அமுக்கிக் குமிழ் தேஞ்சிருந்துச்சு. 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கைப்பிடியோட திசைப்பொத்தான் மேல, மேலே அமுக்கினா மூலைக்குப் போகுதுன்னு ஊரே புகார் சொல்லி, 2010-ல் அவங்க உருமாறும் பொத்தானோட தனியா ஒரு கைப்பிடியே வெளியிட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இது லேசான வேலையா இல்லை.

சாய்கிற பொத்தான்ல இன்னொரு லாபம், நெம்புகோல். எங்க கூம்பை அம்மாவோட சமையலறைத் தராசு மேல வெச்சு அமுக்கிப் பார்த்தப்போ 150 கிராம் கிட்டக் காட்டுச்சு. தாத்தா விரலுக்கு அது ஜாஸ்தி. கூம்பு நடுவிலிருந்து 12 மில்லிமீட்டர்ல இருக்கு. கூட்டல் குறியோட கையை நீட்டி, விரல் 18 மில்லிமீட்டர்ல படற மாதிரி பண்ணினேன். 100 கிராம் போதும்னு ஆயிடுச்சு. வேற ரப்பர் தேடவே இல்லை.

அடுத்த தப்பு கொஞ்சம் வலிச்சது.

பெட்டி ஒரு மாசம் நல்லா ஓடிச்சு. ஒருநாள் மத்தியானம் அம்மா பின்கட்டுல துணி துவைச்சிட்டு இருந்திருக்காங்க. உள்ளே வந்து பார்த்தா தாத்தா உதடு காய்ஞ்சு கிடக்கிறார். "முக்கா மணி நேரமா அமுக்கிட்டுதான் கெடக்கேன் மக்ளே, மணி கேக்கலியே"ன்னு என்கிட்ட சாயங்காலம் சொன்னார். கோபமே இல்லாம சொன்னார், அதான் கஷ்டமா இருந்துச்சு. அவர் கேட்டது தண்ணி. வேற ஏதாவதா இருந்திருந்தா?

திறந்து மல்ட்டிமீட்டர் வெச்சேன். மணிக்கான கூம்பை நல்லா அமுக்கினா 3.3 கிலோ ஓம் காட்டுது. புதுசுல 200 ஓம்கூட இல்லை. போர்டு மேல மெல்லிசா எண்ணெய் படலம். பழைய சிலிகோன்ல இருந்து தானாவே கொஞ்சம் எண்ணெய் கசியும் (பழைய ரிமோட்டைத் திறந்தா பிசுபிசுன்னு இருக்குமே, அதேதான்). அதோட தாத்தா கையில் எப்பவும் தைலம், நெத்தியில் திருநீறு. பெட்டி ஓரத்துல எல்லாம் உள்ளே போயிருக்கு.

அழுக்கு காரணம்னு துடைச்சு மூடியிருந்தா என் தப்பு எனக்குத் தெரிஞ்சிருக்காது. கணக்கைப் பாருங்க. சிப்போட காலை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்க நான் போட்டிருந்தது 4.7 கிலோ ஓம். புத்தகத்துல இருக்கிற படத்துல அப்படித்தான் இருந்துச்சு. பொத்தான் அமுங்கினா அந்தக் கால்ல 5 × 3.3 / (3.3 + 4.7), அதாவது 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. நான் பயன்படுத்தின ஆர்டுயினோவோட அட்மெகா சிப் 1.5 வோல்ட்டுக்குக் கீழே வந்தாத்தான் நிச்சயமா 'அமுக்கிட்டாங்க'ன்னு எடுத்துக்கும். ஆக தாத்தா அமுக்கினது சிப்புக்கு எட்டவே இல்லை. அதே அழுக்கோட 47 கிலோ ஓம் போட்டிருந்தா? 0.33 வோல்ட். கண்ணை மூடிக்கிட்டு மணி அடிச்சிருக்கும். இதுல சோகமான நகைச்சுவை என்னன்னா, அந்தச் சிப்புக்குள்ளேயே 20-லிருந்து 50 கிலோ ஓம் வரைக்கும் ஒரு இழுப்பு ரெசிஸ்டர் இருக்கு. நான் ஒண்ணுமே வெளியே வைக்காம அதை மட்டும் போட்டுவிட்டிருந்தா வேலை செஞ்சிருக்கும். மெனக்கெட்டு சாலிடர் பண்ணிக் கெடுத்திருக்கேன்.

அப்போ ஒரு மெகா ஓம் போட்டுடலாமேன்னு தோணும். கூடாது. வேர்வையும் ஈரமும் போர்டு மேல படிஞ்சா அதுவே சில லட்சம் ஓம் பாதை ஆயிடும், யாரும் தொடாமலே மணி அடிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு தடவை அப்படி அடிச்சா அஞ்சாவது தடவை யாரும் எழுந்து வர மாட்டாங்க. நடுவுல ஒரு எண்ணைப் பிடிக்கணும், அதுக்கு ரப்பரையும் தெரியணும், அழுக்கையும் தெரியணும்.

ரப்பர் தொடர்பு வேலைக்கு ஆகாதுன்னு சொல்றவங்க பெரும்பாலும் அதை இரும்புத் தொடர்பா நினைச்சு சர்க்யூட் போட்டவங்க. அதுகிட்ட 100 மில்லியாம்பியர் கேட்டா கொடுக்காது. 5 வோல்ட்ல 50 ஓம் பல்பை 200 ஓம் மாத்திரை வழியா எரிக்கப் பார்த்தா 20 மில்லியாம்பியர்தான் போகும், 5 வோல்ட்டுல 4 ரப்பர்லேயே நின்னுடும். பல்பு எரியாது, மாத்திரைதான் சூடாகும். ஆனா அது 'ஆமா, இல்லை'ன்னு மட்டும் சொல்லணும்னா அதைவிட நல்ல ஆள் கிடையாது. துருப்பிடிக்காது. ஒரே விரிப்பா மூடியிருக்கிறதால தண்ணி சிந்தினாலும் பெரும்பாலும் மேலேயே நிக்கும். இரும்பு மாதிரி மோதித் துள்ளாது. துள்ளாதுன்னா அதுக்குப் பதிலா மெதுவா எதிர்ப்பு குறையும், அந்த நேரத்துல சிப் குழம்பும், அதனால ஒரு 20 மில்லி நொடி பொறுத்துப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். அதுவும் முழுச் சுத்தம் இல்லைதான், ஒத்துக்கறேன். தாத்தாவுக்குப் பரவாயில்லை. பெரிய மெஷினை அவசரமா நிறுத்தற சிவப்புப் பொத்தானுக்கு இதை வைக்கவே கூடாது. அதுக்கு உண்மையாவே கரண்டை வெட்டற இரும்பு வேணும்.

டச் ஸ்க்ரீன் கேள்விக்குத் திரும்பறேன். கண்ணாடியில் விரலுக்கு வழி தெரியாது. பார்க்கணும். இருட்டுல தாத்தாவால் பார்க்க முடியாது, அதைவிட முக்கியம், அவர் பார்க்கத் தேவையே இருக்கக் கூடாது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் பக்கத்துல ஜான் எஸ். மெக்கெயின்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோட மோதி 10 மாலுமிகள் செத்தாங்க. கப்பலை ஓட்டறது டச் ஸ்க்ரீன்ல இருந்துச்சு. எந்தக் கட்டுப்பாடு எந்த மேசைக்கு மாறியிருக்குன்னு ஓட்டினவங்களுக்கே புரியலை. பயிற்சி போதாததும் ஒரு காரணம்தான், எல்லாத்தையும் கண்ணாடி மேல போட முடியாது. ஆனா விசாரணைக்கு அப்புறம் 2019-ல் அந்தக் கடற்படை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கையால் பிடிச்சுத் தள்ளற நெம்புகோலுக்கே திரும்பறோம்னு சொல்லிடுச்சு. இவ்வளவு தூரம் ஏன், நம்ம ஓட்டு மெஷினைப் பாருங்க. நீலப் பொத்தான், பக்கத்துல சிவப்பு விளக்கு, நீளமா ஒரு 'பீப்', கண் தெரியாதவங்களுக்கு பிரெய்ல் எண். நாட்டுலேயே எல்லா வயசுக்காரங்களும் ஒரு தடவையாவது தொடற மெஷின், அதுல அமுக்கற பொத்தான்தான் இருக்கு.

எங்க வகுப்புல இந்த வருஷம் வீட்டு ஆட்டோமேஷன் ப்ராஜெக்ட் பண்றவங்க எல்லாரும் செல்போன் ஆப்தான். தப்பில்லை, எனக்கும் ஆப் எழுதத் தெரியும். என் ஆதங்கம் வேற. சுவிட்ச்னா லேப்ல எங்களுக்குச் சொல்லித் தர்றது துள்ளலை அடக்கற ஒரே ஒரு பயிற்சி, அதுவும் உலோகப் பொத்தானை வெச்சு. ஒரு பழைய ரிமோட்டைத் திறந்து, மாத்திரையோட எதிர்ப்பை அளந்து, அதுமேல ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுத் திரும்ப அளந்து, எந்த ரெசிஸ்டர் போட்டா இன்னும் வேலை செய்யும்னு பார்க்கச் சொன்னா ஒரு பிரியட்ல முடியும். செலவு பூஜ்யம். எனக்கு அது முக்கால் மணி நேரத் தாகத்துல தெரியவந்துச்சு, அந்தத் தாகமும் என்னோடது இல்லை.

வீட்டுல ரிமோட் வேலை செய்யலைன்னா தொடையில் தட்டறதும், பேட்டரியை உருட்டறதும், அப்புறம் குப்பையில் போட்டுப் புதுசு வாங்கறதும்தான் வழக்கம். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி திறந்து, ரப்பர் விரிப்பை மட்டும் சோப்புத் தண்ணியில் கழுவிக் காய வைங்க, போர்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. மணல் தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மாத்திரையில் இருக்கிறது மெல்லிசான கறுப்பு, போர்டுல இருக்கிறது அதைவிட மெல்லிசான பூச்சு.

தாத்தாவோட இப்போதைய பெட்டி மூணாவது. போர்டுக்குத் தங்க முலாம் போட்டு வாங்கினேன் (நான் சாலிடர் பூசி வெச்சிருந்தது மேடும் பள்ளமுமா இருந்து மாத்திரை பாதிதான் தொட்டுச்சு). மணிக்கு மட்டும் ஒரே கை அடியில் ரெண்டு கூம்பு, ரெண்டு தனிச் சீப்பு, சிப்புல ரெண்டு கால்; எது தொட்டாலும் அடிக்கும். ஒண்ணு மட்டும் தொடர்ந்து தொடாம இருந்தா சின்ன மஞ்சள் விளக்கு எரியும், அப்போ நான் துடைக்கணும்னு அர்த்தம். மூலைக்கு அமுக்கினாலும், அதுல மணிப் பக்கம் சேர்ந்திருந்தா மணின்னே எடுத்துக்கும். லைட் தப்பா எரிஞ்சா ஒண்ணும் ஆகாது. மணியை வலப்பக்கம் வெச்சதும் அதனாலதான், இடது கட்டைவிரல் தானா நீளற திசை அது.

போன வாரம் மஞ்சள் விளக்கு எரிஞ்சுது. தாத்தாதான் முதல்ல பார்த்துட்டு மணி அடிச்சுக் கூப்பிட்டார்.